விபத்து வழக்கும் வழக்கறிஞரும்: வாசகர் கேள்வி பதில்

கட்டுமானத் தளத்தில் சாரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்தது. வயது 29. டார்மிட்டரிக்கு (தொழிலாளர் விடுதி) வந்த ஒருவர் வக்கீலின் அட்டையைத் தந்து, "பணம் வந்தா 30 பர்சன்ட் அவருக்கு, இங்க கையெழுத்துப் போடுங்க" என்கிறார். போடலாமா?
– வாசகர், துவாஸ்

போடாதீர்கள். இழப்பீட்டில் பங்கு கேட்க சிங்கப்பூர் வழக்கறிஞருக்கு அனுமதி இல்லை. ஆள்வைத்துக் கட்சிக்காரர் பிடித்துக் கமிஷன் கொடுப்பதும் தொழில் விதிகளுக்கு விரோதம். அட்டை கொடுத்தவரின் வேலை அந்தக் கையெழுத்தோடு முடிந்துவிடும். அதன் விளைவு உங்கள் தலையில்.

உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒரே விபத்துக்கு இரண்டு வழியிலும் சேர்த்துப் பணம் வாங்க முடியாது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலாவது, வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம். விபத்து நடந்த ஓராண்டுக்குள் கோர வேண்டும். யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. கணக்கு எளிது: சராசரி மாதச் சம்பளம், வயதுக்கான பெருக்கெண், மருத்துவர் தரும் ஊன விழுக்காடு ஆகிய மூன்றையும் பெருக்க வேண்டும். உங்கள் வயதுக்குப் பெருக்கெண் 181. சம்பளம் 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஊனம் 10 விழுக்காடு என்றால் 18,100 வெள்ளி. எம்சி (மருத்துவ விடுப்பு) நாள்களுக்கான சம்பளமும் மருத்துவச் செலவும் இதற்கு மேல்.

இரண்டாவது, முதலாளிமீது நீதிமன்றத்தில் வழக்கு. காலக்கெடு 3 ஆண்டு. வலி, வேதனை, எதிர்கால வருமான இழப்பு எல்லாவற்றையும் கேட்கலாம். ஆனால் முதலாளியின் அலட்சியத்தை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். பாதுகாப்பு வாரை நீங்கள் மாட்டவில்லை என்றால் தொகை குறையும். தோற்றால் எதிர்த்தரப்பின் செலவையும் கட்ட நேரலாம். காயம் கடுமையாகவும் சாட்சி வலுவாகவும் இருந்தாலொழிய முதல் வழியே நல்லது என்பது நம் கருத்து.

எந்த வழியானாலும் வழக்கு கெடுவது பெரும்பாலும் முதல் நாளிலேயே. "டார்மிட்டரியில் வழுக்கி விழுந்தேன்னு டாக்டர்கிட்ட சொல்லு" என்று மேற்பார்வையாளர் சொல்லிக்கொடுப்பார். அது மருத்துவக் குறிப்பில் ஏறிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். சாரத்தின் படம், சம்பளச் சீட்டு, எம்சி நகல், உடனிருந்தவர்களின் ஊர்த் தொலைபேசி எண் ஆகியவற்றைச் சேர்த்துவையுங்கள். வேலை பெர்மிட் முடிந்து அவர்கள் ஊருக்குப் போய்விட்டால் சாட்சியும் போய்விடும்.

'விபத்து வழக்கு நிபுணர்' என்று விளம்பரம் செய்கிறார்களே, அதற்குத் தனி உரிமம் உண்டா?
– வாசகி, செங்காங்

இல்லை. எல்லோருக்கும் ஒரே தொழில் சான்றிதழ்தான். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பெயர் பதிவில் இருக்கிறதா என்று சட்ட அமைச்சின் இணையத்தளத்தில் பார்க்கலாம். நேரில் போனால், கோப்பை அவரே பார்ப்பாரா, மருத்துவ அறிக்கைக்கும் நிபுணர் அறிக்கைக்கும் யார் பணம் கட்டுவது, கட்டணம் எவ்வளவு என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வென்றாலும் எதிர்த்தரப்பு தரும் செலவுத்தொகை உங்கள் வழக்கறிஞர் கட்டணம் முழுவதையும் ஈடுகட்டாது.

ஜேசியில் (தொடக்கக் கல்லூரி) படிக்கும் மகளுக்கு விபத்து வழக்குகளை நடத்தும் வழக்கறிஞராக ஆர்வம். வழி என்ன?
– தந்தை, தெம்பனிஸ்

என்யுஎஸ், எஸ்எம்யு, எஸ்யுஎஸ்எஸ் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களிலும் சட்டம் படிக்கலாம். எஸ்யுஎஸ்எஸ் குற்றவியல், குடும்பச் சட்டத்துக்கு முக்கியத்துவம் தருவது. பிறகு வழக்கறிஞராவதற்கான பார்ட் பி தேர்வு, சட்ட நிறுவனத்தில் பயிற்சி. முன்பு 6 மாதமாக இருந்த பயிற்சிக்காலம் 2024 முதல் ஓராண்டு.

சினிமாவில் காட்டும் வாதத்தை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். பெரும்பாலான வழக்குகள் விசாரணைக்கு முன்பே பேசி முடிகின்றன. அன்றாட வேலை என்பது எம்ஆர்ஐ அறிக்கை படிப்பது, சம்பளச் சீட்டிலிருந்து வருமான இழப்பைக் கணக்கிடுவது, காப்புறுதி நிறுவனத்தோடு பேரம் பேசுவது. சாலை விபத்தில் பொறுப்பை 80:20 என்று பிரிப்பதா 70:30 என்றா என்பதற்கே கடிதம்மேல் கடிதம் போகும். கோரும் தொகையைப் பொறுத்து நீதிமன்றமும் மாறும்: 60,000 வெள்ளி வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம், சாலை, வேலையிட விபத்துகளில் 500,000 வரை மாவட்ட நீதிமன்றம், அதற்கு மேல் உயர் நீதிமன்றம்.

மகளைத் தமிழை விட்டுவிடாமல் படிக்கச் சொல்லுங்கள். அடிபட்ட தொழிலாளி சொல்வதை மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் நேரடியாகக் கேட்டு வாக்குமூலம் எழுதத் தெரிந்த இளம் வழக்கறிஞரை, இந்த வழக்குகளை எடுக்கும் சிறு நிறுவனங்கள் விரும்பிச் சேர்த்துக்கொள்ளும்.