அன்னாவும் எம்மாவும்: காதல் தோல்வி மட்டும்தானா?

தம்பி, டோல்ஸ்டோய் நாவலின் நாயகி அன்னா கரேனினாவும், ஃப்ளோபேர் எழுதிய ‘மதாம் பொவாரி’ நாவலின் நாயகி எம்மா பொவாரியும் காதல் தோல்வியால் உயிரை மாய்த்தார்கள் என்று எழுதிய ஒப்படையை விரிவுரையாளர் திருப்பித் தந்துவிட்டார் என்கிறீர்கள். அவர் செய்தது சரிதான்.

எம்மாவின் கடைசி நாட்களை மறுபடி வாசியுங்கள். அங்கே காதலைவிடக் கடன்தான் அதிகம். துணி வியாபாரி கடனுக்குச் சாமான் கொடுத்து, பத்திரங்களில் கையெழுத்து வாங்கி, வீட்டுப் பொருட்களைப் பறிமுதல் செய்யும் கட்டம் வரை கொண்டுவந்துவிடுகிறான். பழைய காதலனிடம் அவள் போய் நிற்பதும் காசுக்காகத்தான். வெள்ளவத்தையில் சீட்டுப் பிடித்து மாட்டுப்பட்ட யாரையாவது தெரிந்திருந்தால் இது உடனே விளங்கும்.

அன்னாவின் கதை வேறு. மகனைப் பிரித்துவிட்டார்கள், விவாகரத்து இழுபடுகிறது. ஒபேராவில் பக்கத்தில் இருந்த பெண் எல்லோருக்கும் கேட்க அவமதிக்கிறாள். அதே சமூகம் அவளுடைய காதலன் விரோன்ஸ்கிக்கு மட்டும் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. அப்புறம் தூக்கமின்மை, ஓயாத சந்தேகம். ஒதுக்கல் மனதைக் குலைக்க, குலைந்த மனம் அவளை இன்னும் தனிமைப்படுத்துகிறது. ஒப்படையின் பாதியை இங்கேயே செலவழிக்கலாம்.

ஆண் பாத்திரமும் வேண்டுமென்றால், ஜெர்மன் எழுத்தாளர் கதேயின் நாவல் நாயகன் வெர்தர் (1774). அவனையும் காதல் கணக்கில் எழுதிவிடுவார்கள். பிரபுக்களின் கூட்டத்திலிருந்து அவனைப் போகச் சொல்லும் காட்சி யாருக்கும் ஞாபகம் வராது.

தற்கொலையைச் சமூகக் காரணங்களால் வகைப்படுத்திய பிரெஞ்சுச் சமூகவியலாளர் டேர்க்ஹைமை (1897) மேற்கோள் காட்டுங்கள், ஆனால் எல்லோரையும் அவருடைய வகைகளுக்குள் திணிக்க வேண்டாம். அவர் ஆராய்ந்தது புள்ளிவிபரங்களை, நாவல் பாத்திரங்களை அல்ல.