கிரிப்டோகரன்சி எப்படி வேலை செய்கிறது?

கிரிப்டோகரன்சி என்பது நோட்டோ நாணயமோ இல்லாமல் கணக்கில் மட்டுமே இருக்கும் பணம். வங்கியில் போட்ட பணமும் கணக்கில் வெறும் எண்தானே என்பீர்கள். சரிதான், ஆனால் அந்தக் கணக்கை எழுதுவது வங்கி. பிட்காயின் என்ற கிரிப்டோகரன்சியில் அப்படி ஒரு முதலாளி கிடையாது.

கம்பம், குமுளிப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் சீட்டுப் போடுவார்கள். கணக்கு எழுதும் நோட்டு பெரும்பாலும் சீட்டுப் பிடிப்பவர் கையில்தான். அவர் ராவோடு ராவாக ஊரைவிட்டுப் போனால் கதை முடிந்தது. அதுவே இருபது பேரிடமும் அதே நோட்டு இருந்து, ஒவ்வொரு வரவையும் எல்லாரும் எழுதினால்? ஒருவர் 500-ஐ 5,000 ஆக்கினாலும் மற்ற நோட்டுகள் காட்டிக்கொடுத்துவிடும். பிளாக்செயின் என்பது இந்தப் பொது நோட்டுதான்.

2009-இல் தொடங்கிய பிட்காயினில் சுமார் 10 நிமிடத்துக்கு ஒரு பக்கம் சேர்கிறது. ஒவ்வொன்றிலும் முந்தைய பக்கத்தின் முத்திரை இருப்பதால், பழையதைத் திருத்தினால் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் பொருந்தாமல் போகும். பக்கம் சேர்க்கக் கணினிகள் போட்டிபோடுகின்றன. வென்றவருக்குப் புதுக் காசு. மொத்தம் 2.1 கோடிக்கு மேல் வராது. உங்கள் காசை நகர்த்த ரகசியச் சாவி ஒன்று வேண்டும். அதைத் தொலைத்தால் போய் நிற்க ஒரு மேனேஜர்கூட இல்லை.

அப்புறம், இதில் செய்வது யாருக்கும் தெரியாது என்று பலர் நினைப்பது தவறு: பிட்காயின் நோட்டை யார் வேண்டுமானாலும் புரட்டலாம், பெயருக்குப் பதில் ஒரு முகவரி இருக்கும், அவ்வளவுதான்.