மோட்டாரை நிறுத்தத் தெரிந்த பெண்ணுக்கு எந்தப் படிப்பு?

சென்ற வாரம் விருதுநகர் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி, மகளை என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்டு அவளை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள். அப்பாவுக்கு அச்சகத்தில் வேலை. மகள் அரசுப் பள்ளியில் கணிதம், கணினி அறிவியல் பிரிவில் பிளஸ் 2 முடித்து 418 மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். "எந்நேரமும் கம்பிகளைப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னும் கையுமாக இருந்தாள், அதில்தான் மார்க் போய்விட்டது" என்று அம்மா கண் கலங்கினார். கோயம்புத்தூரில் இருக்கும் பெரியப்பா, ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறாராம். பதினைந்து நாளில் முன்பணம் கட்ட வேண்டும்.

"கவலைப்படாதீர்கள், எல்லாம் நல்லபடியாக நடக்கும்" என்றுதான் நானும் தொடங்கினேன். அந்தப் பெண் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

டப்பாவுக்குள் ஆர்டுயினோ நேனோ என்ற, நிரல் எழுதி இயக்கும் ஒரு குட்டிக் கணினிப் பலகை, மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சான ஒரு ரிலே. மேல்நிலைத் தொட்டி நிறைந்தால் மோட்டாரை நிறுத்தும் கருவி. வீடியோ பார்த்து யாரும் செய்துவிடலாம் என்று அலட்சியமாகத்தான் பார்த்தேன். நீர் மட்டத்தை உணரத் தொட்டிக்குள் இறங்கும் கம்பியைப் பற்றி அவள் சொல்லத் தொடங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முதலில் செம்புக் கம்பி வைத்தாளாம். ஒரு மாதத்தில் பச்சை பிடித்து அரித்துப்போய், தொட்டி வழிந்தும் மோட்டார் நிற்கவில்லை. நேர்மின்னோட்டம் நீருக்குள் இடைவிடாமல் போனால் மின்னாற்பகுப்பு நடந்து கம்பி கரையும் என்று வேதியியல் வகுப்பில் படித்தது அப்போதுதான் உறைத்திருக்கிறது. செம்பை எடுத்துவிட்டு எவர்சில்வர் திருகாணிகளை மாட்டினாள். பத்து நொடிக்கு ஒருமுறை, அளவு பார்க்கும் அந்த ஒரு கணம் மட்டும் கம்பிக்கு மின்சாரம் போகும்படி நிரலையும் மாற்றினாள்.

மோட்டாரை ரிலேயில் நேரே இணைக்கவில்லை. கிளம்பும்போது மோட்டார் பல மடங்கு கரண்ட் இழுக்கும், சின்ன ரிலே கருகிவிடும். அதனால் ரிலே, அதிகக் கரண்டைத் தாங்கும் பெரிய சுவிட்சான காண்டாக்டரை இயக்க, காண்டாக்டர் மோட்டாரை இயக்குகிறது. 230 வோல்ட் பக்கத்து வேலையைத் தெருவில் இருக்கும் எலக்ட்ரீஷியன் அண்ணனை வைத்துச் செய்திருக்கிறாள். அந்த எச்சரிக்கை எனக்கு மிகவும் பிடித்தது. குழாய் வாயிலும் ஒரு ஜோடித் திருகாணி உண்டு. இரண்டு நிமிடத்தில் தண்ணீர் கொட்டவில்லை என்றால் மோட்டார் நின்றுவிடும். கிணறு வற்றும் ஊர் அல்லவா.

ஐயா, இந்தப் பெண்ணுக்கு மார்க் போய்விட்டது என்று இனி யாரிடமும் சொல்லாதீர்கள்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் மோசமான படிப்பு என்று நான் சொல்லவில்லை. அதில் நான்கு ஆண்டும் இவள் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இவளுக்குக் கையில் பொருள் வேண்டும். நிரல் எழுதுவது அவளுக்குத் தெரியும், பிடிக்கவும் செய்கிறது. ஆனால் அந்த நிரல் ஒரு கம்பியை, ஒரு மோட்டாரை அசைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற பெண் அவள்.

செலவுக்கு வருவோம். உங்களிடம் சொன்ன கட்டணம் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம், விடுதிக்கு எண்பதாயிரம். நான்கு ஆண்டுக்கு ஒன்பது லட்சத்து இருபதாயிரம். நன்கொடை இந்தக் கணக்கில் இல்லை. கல்விக் கடன் வாங்கினால் அவள் படிக்கும் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டேயிருக்கும். அந்தக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போவது நீங்கள், பெரியப்பா அல்ல. அவளே கேட்காத படிப்புக்காக அம்மாவின் நகையை அடகு வைக்கச் சொல்ல என்னால் முடியாது. முன்பணம் கட்டாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது.

பொறியியல் கலந்தாய்வு, கலை அறிவியல் கல்லூரி பற்றியெல்லாம் தெருவுக்கு நான்கு பேர் சொல்லிவிடுவார்கள். பலர் வாயில் வராத வழி ஒன்று இருக்கிறது. பிளஸ் 2-வில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். பத்தாம் வகுப்போடு போகிறவர்களுக்கு மூன்று ஆண்டு; இவளுக்கு இரண்டே ஆண்டு. மின்னணு மற்றும் தகவல் தொடர்புப் பொறியியல் பிரிவை எடுக்கட்டும். அரசுப் பாலிடெக்னிக்கில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். மதுரையிலேயே அரசு மகளிர் பாலிடெக்னிக் இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால், 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம். அந்தத் திட்டம் பாலிடெக்னிக்கில் படிக்கும் டிப்ளமோவுக்கும் உண்டு.

"டிப்ளமோதானா?" என்று அப்பா முகம் சுருங்கியதைக் கவனித்தேன். டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம், அதற்குத் தனிக் கலந்தாய்வு நடக்கிறது. கூட்டிப் பாருங்கள்: இரண்டும் மூன்றும் ஐந்து. நேரே பி.இ. போகிறவளைவிட ஓராண்டு கூடுதல். அந்த ஓராண்டுக்கு ஈடாக ஒரு டிப்ளமோவும், நடுவில் நின்று யோசிக்க ஓர் இடமும் கிடைக்கின்றன. அப்போது மேலே படிக்கலாம். அல்லது 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டத்தின்கீழ் ஒரு தொழிற்சாலையில் உதவித்தொகையுடன் ஓராண்டு பழகலாம். தென்மாநிலங்களுக்கான தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது.

எல்லாப் பாலிடெக்னிக்கும் ஒன்றல்ல. சேர்வதற்கு முன் ஆய்வகத்தைப் போய்ப் பாருங்கள். சால்டரிங் அயர்ன் முனை பளபளவென்று புதிதாக இருந்தால் அதை யாரும் தொடுவதில்லை என்று பொருள். மின் அலைகளைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப் பீரோவில் பூட்டிக் கிடக்கிறதா, மேசையில் இருக்கிறதா என்று மகளையே பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாம் ஆண்டில் போய்ச் சேருகிறவர்களுக்கு முதலாண்டு மின்சுற்றுப் பாடம் கொஞ்சம் திணறடிக்கும். அதை இந்த விடுமுறையிலேயே படித்துவிட வேண்டும். அத்துடன் கீகேட் என்ற இலவச மென்பொருளில் அந்தத் தொட்டிக் கருவிக்கு ஒழுங்கான சர்க்யூட் போர்டு வரையட்டும். இப்போது டப்பாவுக்குள் கம்பிகள் நூடுல்ஸ் மாதிரி கிடக்கின்றன. அதை அவளிடமும் சொல்லிவிட்டேன், சிரித்தாள்.

படிப்பு முடிந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலைக்குப் போனாலும் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வரிசையில் நின்று ஒரே பாகத்தை நாளெல்லாம் பொருத்தும் வேலையா, பழுதான போர்டைப் பிரித்துக் காரணம் கண்டுபிடிக்கும் வேலையா? முதலாவது இவளுக்கு ஆறு மாதத்தில் சலித்துவிடும்.

"பெண் பிள்ளைக்கு இது சரிப்படுமா?" என்று அம்மா கேட்டார். அந்தக் கேள்வியை நான் மகள் பக்கம் திருப்பினேன். "தொட்டி வழிகிறது, போய் மோட்டாரை நிறுத்து என்று ஒரு வருடமாக என்னை நீங்கள் ஏவவே இல்லையே அம்மா" என்றாள்.

மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பள்ளியில் படித்ததற்கான சான்று எல்லாவற்றையும் நகல் எடுத்து வையுங்கள். பெரியப்பாவிடம் நானே பேசுகிறேன். அதுவரை சால்டரிங் அயர்னைப் பூட்டி வைக்க வேண்டாம். ஜன்னலோரமாக உட்கார்ந்து வேலை செய்யட்டும். சால்டரில் ஈயம் இருக்கும். கை கழுவாமல் மட்டும் சாப்பிட உட்கார விடாதீர்கள்.