நன்றி: குரங்கு

கேள்வி: ஜார்ஜ் ரொமேரோவின் 'மங்கி ஷைன்ஸ்' (1988) பார்த்தேன். கழுத்துக்குக் கீழே அசைவில்லாதவனுக்கு உதவ வந்த குரங்கே கொலை செய்யக் கிளம்புகிறது. இப்படி ஒரு நன்றிகெட்ட சிம்பன்சி நிஜத்தில் உண்டா?
- ப. சே., ஈரோடு

பதில்: முதலில் சிம்பன்சியை இறக்கிவிடுங்கள். அது 40, 50 கிலோ எடையுள்ள ஆப்பிரிக்க வாலில்லாக் குரங்கு. படத்தில் வருவது கப்புச்சின்; தென்னமெரிக்கா, மூன்று நான்கு கிலோ, வாலும் உண்டு. பெயர் எல்லா. பெயருக்கேற்ப எல்லாம் செய்கிறாள்.

அடுத்து, 'நன்றி'. இந்தச் சொல்லைப் பார்த்தாலே நமக்குக் கை அரிக்கும். நாலு பக்கக் கட்டுரையை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டு அடியில் 'நன்றி: இணையம்' என்கிறார்கள். 'நன்றி: வாட்ஸ்அப்' என்பார்கள். 'நன்றி: கூகுள்' கூட உண்டு, கூகுள் ராத்திரி கண்விழித்துச் சிறுகதை எழுதியதாக நினைப்பு. எழுதியவனைத் தவிர ஊரில் எல்லாருக்கும் நன்றி!

குரங்கு விஷயத்திலும் பாக்கி நம் பக்கம்தான். 1970களின் கடைசியில் அமெரிக்காவில் இந்த உதவிக் குரங்கு முயற்சி தொடங்கியது. குட்டியைச் சில வருடம் வளர்ப்புக் குடும்பத்தில் விட்டு, பிறகு பயிற்சி. நோயாளி வாயில் கவ்விய லேசரால் பொருளின் மேல் புள்ளி வைத்து, ஒரு சொல் சொல்வார், குரங்கு எடுத்துவரும், உடனே தீனி. பாட்டிலில் ஸ்ட்ரா போடும், பக்கம் புரட்டும், விழுந்ததைப் பொறுக்கும்.

சிக்கல் வயதுக்கு வந்ததும். கூட்டத்தில் யார் பெரியவர் என்று உரசிப் பார்க்கும். எஜமானரை விட்டுவிட்டு நர்ஸையோ விருந்தாளியையோ கடிக்கக்கூடும். கோஸ்டாரிகாக் காட்டில் இதன் உறவினமான வெண்முகக் கப்புச்சின் சண்டையில் எதிரியை ஒரு பார்வை, கூட்டாளியை ஒரு பார்வை என்று தலையை வெடுக் வெடுக்கென்று திருப்பும். 'வா, சேர்ந்து அடிப்போம்' என்று அர்த்தம். ஆகவே கதாநாயகனுக்குக் கோபம் வந்தால் குரங்கு அவன் எதிரிகளைத் தேடிப் போவது நம்பக்கூடியதே. விஞ்ஞானி நண்பன் எல்லாவுக்கு மனித மூளைத் திசுவை ஊசியில் ஏற்றுகிற சமாசாரம்தான் வீண்செலவு. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானதைக் கேட்டிருக்கிறோம்; இங்கே குரங்கிலிருந்து ஆரம்பித்து, மேலே இன்னொரு தலையை ஒட்டியிருக்கிறார்கள்.

நாய் கதை வேறு. பல்லாயிரம் வருடம், கடிக்காததாகப் பார்த்துப் பார்த்துப் பெருக்கிய இனம் அது. குரங்கு பழகும், அவ்வளவுதான். பழகிய குரங்கின் குட்டி மறுபடி காட்டுக்குரங்குதான். 2011 மார்ச் முதல் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்ட விதிகளில் சேவை விலங்கு என்றால் நாய் மட்டும். குட்டைக் குதிரைக்குத் தனிச் சலுகை. குரங்குக்கு இடமில்லை.

நீங்கள் கேட்ட கொலைகாரக் குரங்கு? நிஜத்தில் கடி உண்டு, சதி இல்லை. அந்தக் கடிக்குப் பயந்துதான் ஆரம்ப காலத்தில் பல உதவிக் குரங்குகளுக்குப் பல்லையே பிடுங்கினார்கள். படத்தின் முடிவில் நடப்பது என்ன? கைகால் அசையாத கதாநாயகன் எல்லாவைப் பாட்டுப் போட்டு அருகே வரவழைத்து, கழுத்தைப் பல்லால் கவ்விக் கொல்கிறான். யார் பல்லைப் பிடுங்கியிருக்க வேண்டும் என்று ஈரோட்டிலிருந்து எழுதுங்கள். கீழே 'நன்றி: இணையம்' வேண்டாம்.