சொத்து திருட்டா, வரி திருட்டா?

கேள்வி: என் மகன் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறான். தன்னை அனார்க்கிஸ்ட் என்கிறான். கொழுந்தனார் மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான், அவன் லிபர்டேரியனாம். இருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் சோறு ஆறிப்போகும்வரை வாக்குவாதம்தான். ஒருவன் "சொத்து என்பதே திருட்டு" என்கிறான், மற்றவன் "வரி என்பதே திருட்டு" என்கிறான். அரசாங்கம் வேண்டாம் என்பதில் மட்டும் இரண்டு பேரும் ஒன்று. பிள்ளை தப்பான வழியில் போய்விடுவானோ என்று பயமாக இருக்கிறது. இவர்களோடு பேச நான் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பயத்தைப் பார்த்துவிடுவோம். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1900இல் இத்தாலிய மன்னர் உம்பெர்த்தோவையும் 1901இல் அமெரிக்க ஜனாதிபதி மெக்கின்லியையும் சுட்டுக் கொன்றவர்கள் தங்களை அனார்க்கிஸ்ட், அதாவது மேலிருந்து ஆளும் அரசே கூடாது என்பவர், என்று சொல்லிக்கொண்டவர்கள்தான். ஆனால் உங்கள் மகன் பேசுவது அவர்கள் பேச்சு இல்லை. "சொத்து திருட்டு" என்று 1840இல் எழுதியவர் பிரெஞ்சுக்காரரான புரூதோன். அச்சகத்தில் எழுத்துக் கோத்துப் பிழைத்த ஏழை வீட்டுப் பிள்ளை. நீங்கள் குடியிருக்கும் வீட்டையோ நெசவாளியின் தறியையோ அவர் குறை சொல்லவில்லை. கையை அசைக்காமலே பிறர் உழைப்பிலிருந்து வாடகையாகவும் வட்டியாகவும் வந்து சேருகிறதே, அதைத்தான் திருட்டு என்றார்.

லிபர்டேரியன் என்றால், தனிமனிதரின் சுதந்திரத்திலும் சொத்திலும் அரசு கை வைக்கக் கூடாது என்பவர். கொழுந்தனார் மகன் பேசுவது ராத்பார்டின் பேச்சு. 1926இல் நியூயார்க்கில் பிறந்த பொருளாதார அறிஞர். சம்மதம் கேட்காமல் பணம் பறிப்பது யார் செய்தாலும் பறிப்புதான், அரசு செய்தாலும் அதேதான் என்றார். போலீஸ், நீதிமன்றம்கூடத் தனியார் நடத்தலாம் என்று எழுதினார். அந்தப் பக்கத்திலேயே எல்லாரும் அவ்வளவு தூரம் போகவில்லை. ராபர்ட் நாசிக் என்ற தத்துவ அறிஞர் 1974இல் எழுதிய நூலில், காவலும் நீதியும் மட்டும் பார்க்கிற ஒரு சின்ன அரசு நியாயமானதே என்று முடித்தார். ஹாயெக் என்ற பொருளாதார அறிஞர் இன்னும் ஒரு படி இறங்கிவந்து, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாதவருக்குக் குறைந்தபட்ச வருமானத்தை அரசு தருவதில் தவறில்லை என்றார். கொழுந்தனார் மகனிடம் "நீ ராத்பார்ட் பக்கமா, ஹாயெக் பக்கமா?" என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு உடனே வேறு மாதிரி போகும்.

இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் நிற்கிற ஒரு மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஜோசையா வாரன், அமெரிக்கர். 1827இல் சின்சினாட்டியில் ஒரு கடை திறந்தார். கடையில் ஒரு கடிகாரம் இருக்கும். சாமான் வாங்கிய விலைக்கே கிடைக்கும், கடைச் செலவுக்கு மட்டும் கொஞ்சம் சேர்ப்பார். அப்புறம் உங்களுக்காகக் கடைக்காரர் எத்தனை நிமிஷம் செலவிட்டார் என்று கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கிடுவார். அந்த நேரத்துக்கு ஈடாக உங்கள் தொழிலில் அவ்வளவு நேரம் உழைத்துத் தருவதாக ஒரு சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். கடை 1830 வரை நடந்தது. வாரனுக்குத் தனிச்சொத்தும் வேண்டும், வியாபாரமும் வேண்டும், லாபம் மட்டும் கூடாது. உங்கள் வீட்டுச் சண்டை எங்கே பிரிகிறது என்பது இங்கே தெரிகிறது. அதிகாரம் ஓரிடத்தில் குவியக் கூடாது என்பதில் இருவரும் ஒன்று. பணமும் அப்படிக் குவியும் அதிகாரம்தானா என்பதில்தான் தகராறு.

என் கருத்தைக் கேட்டால், பணமும் அதிகாரம்தான். காவலையே காசு கொடுத்து வாங்க வேண்டிய ஊரில் காசில்லாதவர் யாரிடம் போவார்? ராத்பார்ட் இதற்குத் தரும் பதில்கள் எனக்குப் போதவில்லை.

உங்கள் மகன் பக்கமும் இடிக்கிற இடம் உண்டு. 1936இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வந்தபோது பார்சிலோனாவின் டிராம்களையே அனார்க்கிஸ்ட் தொழிலாளர்கள் எடுத்து நடத்தினார்கள். ஆனால் அதே வருஷம் நவம்பரில், அரசே கூடாது என்ற அவர்களின் தலைவர்கள் நான்கு பேர் அரசில் அமைச்சர்களானார்கள். போர் நெருக்கியபோது வேறு வழி அவர்களுக்குத் தெரியவில்லை.

இந்த அனார்க்கிஸ்ட் மரபின் மீது எனக்கு மரியாதை வந்தது ரஷ்யாவைப் படித்தபோதுதான். தொழிலாளர் பெயரால் வரும் அரசும் ஒரு சிறு கூட்டத்தின் ஆட்சியாகவே முடியும் என்று மார்க்ஸோடு மோதியவர் ரஷ்ய அனார்க்கிஸ்ட் பக்கூனின். 1872இல் அகிலம் என்ற சர்வதேசத் தொழிலாளர் சங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். எம்மா கோல்ட்மன் என்ற அனார்க்கிஸ்ட் பெண்மணியை 1919இல் அமெரிக்கா நாடுகடத்தி ரஷ்யாவுக்கு அனுப்பியது. நம்பிக்கையோடு போனவர், லெனின் அரசை எதிர்த்து எழுந்த கிரோன்ஸ்டாட் கடற்படைத் தள மாலுமிகள் நசுக்கப்பட்டதைப் பார்த்து 1921இல் வெளியேறி, கண்டதையெல்லாம் எழுதினார். இன்னொரு ரஷ்ய அனார்க்கிஸ்டான வயதான குரோபோட்கின் 1920இல், அரசு பிணைக்கைதிகளைப் பிடித்து வைப்பது தவறு என்று லெனினுக்கே கடிதம் எழுதினார். அந்த நேரத்தில், அந்த ஊரில் இருந்துகொண்டு அப்படி எழுதத் தைரியம் வேண்டும்.

நம் பக்கத்து ஆளும் ஒருவர் உண்டு. 1887இல் சென்னையில் பிறந்த எம்.பி.டி. ஆச்சார்யா, பாரதியின் 'இந்தியா' பத்திரிகையோடு இருந்தவர். 1920இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். பிறகு விலகி அனார்க்கிஸ்ட் ஆகி, 1954இல் பம்பாயில் காலமானார். மகனுக்கு இவரைத் தெரியுமா என்று கேளுங்கள்.

நீங்கள் படிக்க நினைத்தால் குரோபோட்கினில் தொடங்குங்கள். இளவரசராகப் பிறந்து, சைபீரியாவில் அலைந்து திரிந்த புவியியலாளர். அங்கே மிருகங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதைவிடக் குளிரை எதிர்த்து ஒன்றாக நிற்பதைத்தான் அதிகம் கண்டார். அதிலிருந்து பிறந்தது 1902இல் வந்த 'பரஸ்பர உதவி'. இன்னொரு நூலில், புயலில் சிக்கிய கப்பல்களைக் காப்பாற்றும் இங்கிலாந்தின் உயிர்காப்புப் படகுச் சங்கத்தைப் பற்றிச் சொல்வார். அரசு உத்தரவு கிடையாது. கரையோர மக்கள் தாங்களாகவே சேர்ந்து, முன்பின் தெரியாதவர்களுக்காகக் கடலில் இறங்குகிறார்கள். அதைப் படித்துவிட்டு இரண்டு பிள்ளைகளையும் உட்கார வைத்து, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கையில் காசில்லாத நோயாளியை உங்கள் ஊரில் யார் பார்த்துக்கொள்வார்கள்? பதிலை அவசரப்படுத்தாதீர்கள். சாப்பாட்டை மட்டும் முதலில் முடிக்கச் சொல்லுங்கள்.