கழுத்தில் ஜவ்வு விலகினால் ஆபரேஷன் கட்டாயமா?

கழுத்து எலும்புகளுக்கு இடையே மெத்தை போல இருப்பதைத்தான் ஜவ்வு என்கிறோம். டாக்டர் டிஸ்க் என்பார். நம்ம திருநெல்வேலிப் பக்கத்து நுங்கை நினைத்துக்கொள்ளுங்கள். அதுபோல ஜவ்வின் தோல் கிழிந்தால் உள்ளே இருப்பது பிதுங்கும்; இதைத்தான் ஜவ்வு விலகல் என்கிறோம். அது நரம்பை அழுத்தினால் வலி தோளிலிருந்து விரல்வரை இறங்கும். பலருக்கு மாத்திரை, பிசியோதெரபியிலேயே 6 முதல் 12 வாரங்களில் குறைந்துவிடும். பிதுங்கியது தானாகச் சுருங்குவதும் உண்டு. (அதுவரை சலூனில் கழுத்துக்குச் சொடுக்கு எடுக்காதீர்கள்.)

ஆனால் கையில் பலம் குறைந்துகொண்டே போனால், சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறினால், நடை தள்ளாடினால், சிறுநீர் கட்டுப்படாவிட்டால் கதை வேறு. தண்டுவடமே நசுங்கலாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கோ நரம்பியல் அறுவை நிபுணரிடமோ உடனே போங்கள். அந்த நிலையில் ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

ஸ்கேனில் விலகல் தெரிந்தாலே ஆபரேஷன் என்பது தப்பு. வலியே இல்லாதவர்களின் ஸ்கேனிலும் அது தெரிவதுண்டு.