குதிரைக்கு ஒளிந்த அம்மாள்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகளுக்குச் சாதனைப் பெண்களின் வரலாறு எதை வாங்கிக் கொடுத்தாலும் நாலு பக்கத்தில் மூடி வைத்துவிடுகிறாள். அவளைப் படிக்கவைக்க ஏதாவது புத்தகம் சொல்லுங்களேன்!

பதில்: மகள்மேல் குற்றமில்லை அம்மா. பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டிக்கு எனக்கும் அப்படியொரு புத்தகத்தைத்தான் பரிசாகத் தந்தார்கள். அதில் வந்த பெண்மணிகள் எல்லாரும் தொட்டிலிலேயே மேதைகள். ஒருவராவது பயந்தாரா, எரிந்து விழுந்தாரா, சோற்றைத் தீயவிட்டாரா? கிடையாது. மூன்றாவது பெண்மணியோடு நானும் மூடிவிட்டேன்.

ராஸ்சுந்தரி தேவியைக் கொடுத்துப் பாருங்கள். வங்காளத்துக்காரர். பன்னிரண்டு வயதில் கல்யாணம், பெரிய குடும்பம், ஓயாத அடுப்பு. பெண் படித்தால் தாலி தங்காது என்று ஊரே நம்பிய காலம். இருபத்தைந்து வயதுவாக்கில் அவருக்கு எழுத்துப் படிக்கும் ஆசை வந்தது. வீட்டிலிருந்த சைதன்ய பாகவதச் சுவடியிலிருந்து ஒரு தாளைக் கழற்றிச் சமையலறையில் ஒளித்தார். மூத்த மகன் எழுதிப் பழகிய பனையோலை ஒன்றையும் எடுத்துக்கொண்டார். அடுப்பில் ஏதோ வெந்துகொண்டிருக்க, இடக்கையில் தாள், தலையில் முக்காடு. ஓலையில் இருக்கும் எழுத்து தாளில் எங்கே வருகிறது என்று ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தார். வாத்தியார் கிடையாது, பிடிபட்டால் ஏச்சு. தன் கதையைத் தானே எழுதிய 'ஆமார் ஜீபன்' ('என் வாழ்க்கை') 1876-இல் வெளிவந்தது.

எனக்குப் பிடித்தது அதில் வரும் குதிரை. பெயர் ஜயஹரி, கணவருடைய சவாரிக் குதிரை. அது முற்றத்தில் நெல் தின்றுகொண்டிருந்தால் இந்த அம்மாள் வெளியே வரமாட்டார். கணவரின் குதிரையாயிற்றே, அதன் கண்ணில் பட்டால் வெட்கக்கேடில்லையா! பிற்பாடு, 'அது விலங்கல்லவா' என்று உறைத்ததையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஆங்கில மொழிபெயர்ப்பு உண்டு. உங்கள் மகள் குதிரை வரையிலாவது போவாள்.

கேள்வி: தன் கதையைத் தானே எழுதினால் பொய் கலக்காதா?

பதில்: கலக்கும். பெற்ற மகள் எழுதினால் மட்டும்? மேரி கியூரியின் வரலாற்றை அவர் மகள் ஈவ் 1937-இல் எழுதினார், அருமையாகத்தான் எழுதினார். ஆனால் 1911-இல், கணவரை இழந்த கியூரிக்கும் மணமான ஒரு விஞ்ஞானிக்கும் நட்பு என்று பாரிஸ் பத்திரிகைகள் சேற்றை வாரி இறைத்த இடத்தை, அந்த மனிதரின் பெயரைக்கூடச் சொல்லாமல் தாண்டிவிடுகிறார். அந்த ஆண்டுதான் கியூரிக்கு இரண்டாவது நோபல் பரிசு. பரிசு வாங்க நேரில் வரவேண்டாம் என்று ஸ்வீடனிலிருந்து ஒருவர் கடிதமே போட்டார். என் ஆராய்ச்சி வேறு, சொந்த வாழ்க்கை வேறு என்று பதில் எழுதிவிட்டுப் போய் வாங்கிக்கொண்டார் கியூரி. இதைத் தெரிந்துகொள்ள இன்னொரு புத்தகத்தையும் புரட்டத்தான் வேண்டும்.

கேள்வி: தமிழில் ஒன்றுமே இல்லையா?

பதில்: ஏன் இல்லை? பாமாவின் தன்வரலாறான 'கருக்கு' 1992-இல் வந்தது. கையில் எடுத்தால் ஒரே மூச்சு. மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் புத்தகம் நாவல்தான், ஆனாலும் சேர்த்துக்கொள்வேன். தேவதாசி முறைக்குள் வளர்ந்து அதையே எதிர்த்துப் போராடியவர், தாம் கண்டதை 1936-இல் கதையாக்கினார். தலைப்பு: 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்'. இதை மகளின் மேசைமேல் வைத்துவிட்டு, படி என்று மட்டும் சொல்லாதீர்கள்.